நாற்பத்து மூன்று, ஆண்

காலை எட்டு மணிக்கெல்லாம் லேப் ஜன்னலின் வெளிக்கட்டையில் சளி டப்பாக்கள் வரிசையாக வந்து நின்றுவிடும். கையகல வெள்ளை பிளாஸ்டிக் டப்பாக்கள். விடிந்து எழுந்ததும் வரும் முதல் சளியைப் பிடித்துக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வைத்தவர்கள் பத்தடி தள்ளி வேப்பமரத்துக்குக் கீழே போய் நின்றுகொள்வார்கள். அந்த டப்பாவுக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். லேப் அக்கா வந்து கதவைத் திறப்பார். பர்தாவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு டப்பாவாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். சில டப்பாக்களைப் பார்த்துவிட்டு மரத்தடியை நோக்கி, "எச்சி துப்பிக் கொண்டாந்திருக்கீங்க. எனக்குச் சளி வேணும். நெஞ்சுலேருந்து இருமி எடுங்க" என்பார். குரலில் கோபம் இருக்காது, இரக்கமும் இருக்காது. ரேஷன் கடையில் அட்டை கேட்பவர்போல் கேட்பார்.

அவரைப் பற்றி எழுதவேண்டும் என்று பல வருடங்களாக நினைத்திருக்கிறேன். எழுத உட்காரும்போதெல்லாம் எனக்குள் ஒன்றும் அசையாது. துக்கம் வந்தால் எழுதிவிடலாம், கோபம் வந்தாலும் எழுதிவிடலாம். அந்த வருடங்களைத் தொட்டால் கை மரத்துப்போன மாதிரிதான் இருக்கிறது. இப்போதும் அப்படித்தான். ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

திருவிடைமருதூரிலிருந்து டவுன் பஸ்ஸில் அரை மணி நேரத்தில் வரும் ஆரம்ப சுகாதார நிலையம் அது. அங்கே காசநோய்ப் பிரிவில் எனக்குச் சிகிச்சை மேற்பார்வையாளர் வேலை. பதவியின் பெயர்தான் பெரியது. அரசாங்கம் கொடுத்த மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராகப் போய், மாத்திரை எடுக்கிறார்களா என்று பார்ப்பேன். நிறுத்தியவர்களைக் கெஞ்சிக் கூட்டிவருவேன், யார் குணமானார்கள், யார் ஊரைவிட்டுப் போனார்கள், யார் இறந்தார்கள் என்று பதிவேட்டில் எழுதுவேன். ஒப்பந்த வேலை. வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிப்பார்கள். அக்கா நிரந்தர ஊழியர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நாகூரில் பிறந்து எங்கள் பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டவர். வீட்டுக்காரர் சவூதியில் ஒரு பெரிய கடையில் வேலை பார்த்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவில் வருவார். அவர் தெருவில் பாதி வீடுகள் அப்படித்தான், சபராளி வீடுகள். ஆண்கள் சபுரில், அதாவது வெளிநாட்டில், இருப்பார்கள். பெண்கள் ஊரில் வீடு கட்டிக்கொண்டிருப்பார்கள்.

அக்காவின் வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஈர்க்குச்சியை ஒடித்து, சளியில் கெட்டியான இடமாகப் பார்த்துத் தொட்டு, கண்ணாடிச் சில்லில் தேய்ப்பார். காயவைத்து, சாயம் ஊற்றி, அடியில் நெருப்புக் காட்டி, கழுவி, நுண்ணோக்கியில் வைப்பார். ஒரு சில்லில் நூறு இடம் பார்க்கவேண்டும் என்பது விதி. பல ஊர்களில் பத்து இடம் பார்த்துவிட்டு எழுதிவிடுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அக்கா நூறும் பார்ப்பார். உதடு அசையும், எண்ணுவது கேட்காது. ஒருநாள் என்னைப் பார்க்கச் சொன்னார். நீலத் தரையில் சின்னச் சின்னச் சிவப்பு நூல் துண்டுகள் கிடந்தன. "இதுதான் தம்பி. இவ்வளவுதான்" என்றார்.

காவிரியில் தண்ணீர் வராத வருடங்கள் அவை. குறுவை இல்லை. சம்பாவும் பாதி கருகிற்று. எங்கள் அப்பா குத்தகைக்கு எடுத்திருந்த நிலத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். தெருவுக்கு நாலு பேர் திருப்பூர் போனார்கள், சென்னையில் கட்டட வேலைக்குப் போனார்கள், ஏஜெண்டைப் பிடித்து வெளிநாடு போனார்கள். எங்கே போனாலும் ஒரே அறையில் எட்டுப் பேர், பத்துப் பேர். ஒரே ஜன்னல், சில இடத்தில் அதுவும் இல்லை. கொஞ்ச வருடம் கழித்து அவர்களில் சிலர் இருமிக்கொண்டு திரும்பி வந்தார்கள். காசநோயில் சாவது கிழவர்கள்தான் என்று நான் அந்த வேலையில் சேரும்வரை நினைத்திருந்தேன். கட்டிலில் சுருண்டு கிடக்கும் ஒரு கிழவர் உருவம்தான் மனதில் இருந்தது. பதிவேட்டில் நான் 'இறப்பு' என்று எழுதிய பெயர்களில் பலருக்கு என் அண்ணன் வயது. சிலருக்கு என் வயது. அவர்கள் மனைவிகள் வாசலில் நின்று, மிச்ச மாத்திரை உள்ள பெட்டியைத் திருப்பித் தருவார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் பெயர் எழுதி ஒரு பெட்டி உண்டு. முடிக்காத பெட்டி எடை காட்டும். அதை வண்டியில் கட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவேன். முதல் இரண்டு மூன்று பேர் இறந்தபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் இறங்கியது.

ஒரே ஒருமுறை விதியை மீறினேன். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர், அங்கே மருந்து வாங்கப் போனால் வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று அழுதார். மூன்று மாத மாத்திரையை மொத்தமாகக் கையில் கொடுத்து அனுப்பினேன். எங்கள் கண் முன்னால்தான் விழுங்கவேண்டும் என்பது சட்டம். அவர் ஒழுங்காக விழுங்கிப் பிழைத்துக்கொண்டார். ஆனால் தணிக்கைக்கு வந்தவர்கள் அட்டையைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டார்கள். எனக்கு மெமோ வந்தது. எங்கள் நிலையத்து டாக்டர் தனியாகக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை இப்படி வந்தா உன்னை என்னால காப்பாத்த முடியாதுப்பா. ரெனியூவல் பண்ண மாட்டாங்க" என்றார். நல்ல மனிதர். பயமுறுத்தச் சொன்னதல்ல. ஆனால் நான் பயந்துவிட்டேன்.

இது நடந்து சில மாதங்களில் அக்காவின் வீட்டுக்காரர் லீவு இல்லாத காலத்தில் ஊருக்கு வந்தார்.

"திடீர்னு வந்துட்டாரு" என்று மட்டும் அக்கா சொன்னார். நான் சில்லுப் பெட்டி கொடுக்க ஒரு சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். புதிதாகப் பூசிய மாடிவீடு. முன்னறையில் அவர் உட்கார்ந்திருந்தார். இரண்டு வருடத்துக்கு முன் பார்த்தபோது தொந்தியும் சிரிப்புமாக, சென்ட் மணக்க இருந்தவர். இப்போது சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. ஓயாமல் பேசினார். கடை முதலாளியைப் பற்றி, விமானத்தில் கொடுத்த சாப்பாட்டைப் பற்றி. நடுநடுவே கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பி இருமினார். மகள் தேநீர் கொண்டுவந்தாள். பதினெட்டு வயது. அவளுக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள், அவனும் சவூதிதான். நான் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்தேன். வாசல்வரை வந்த அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். இரண்டு வாரம் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

அப்புறம் ஒரு திங்கள்கிழமை, நான் லேப் வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றும்போது சொன்னார். "மூணு பிளஸ், தம்பி."

கிருமி எவ்வளவு என்பதை ஒரு பிளஸ், இரண்டு பிளஸ், மூன்று பிளஸ் என்று குறிப்போம். மூன்றுதான் கடைசி. ஞாயிற்றுக்கிழமை லேபைத் தானே திறந்து, வீட்டுக்காரரின் சளியைத் தானே தேய்த்துப் பார்த்திருக்கிறார். பதிவேட்டில் எழுதவில்லை. சில்லை உடைத்து வாளியில் போட்டுவிட்டார்.

"நூறும் பாத்தீங்களா?" என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

"முதல் இடத்துலேயே தெரிஞ்சுபோச்சு. இருந்தாலும் நூறும் பாத்தேன்" என்றார்.

அங்கே தங்கும் அனுமதியான இக்காமாவைப் புதுப்பிக்க மெடிக்கல் எடுத்திருக்கிறார்கள். எக்ஸ்ரேயில் நெஞ்சில் நிழல். ஒரே வாரத்தில் அனுப்பிவிட்டார்கள். ஊரில் யாருக்கும் தெரியாது. சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்தால் கல்யாணம் நின்றுவிடும் என்று வீட்டுக்காரர் பயந்தார். அதைவிட, எங்கள் பதிவேட்டில் பெயர் ஏறினால் அது எப்படியாவது எம்பசிவரை போய்விடும், இனி எந்த நாட்டுக்கும் போக முடியாது என்று நம்பினார். எங்கள் பதிவேடு அலமாரியைத் தாண்டிக் கும்பகோணம்கூடப் போகாது என்று அக்கா எவ்வளவோ சொல்லியிருக்கிறார். நானும் போய்ப் பேசினேன்.

"அண்ணே, ஆறு மாசம்தான். நான் வீட்டுக்கே வந்து கொடுக்கிறேன். யாருக்கும் தெரியாது" என்றேன்.

அவர் சிரித்தார். "உங்க வண்டி என் வாசல்ல நின்னா ஊருக்கே தெரியும் தம்பி. நீங்க எந்த வீட்டுக்குப் போறீங்கன்னு எல்லாரும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க. உங்க அக்கா என்னைக் கண்ணாடிச் சில்லுல வச்சுப் பாத்துட்டா. அது போதும். நோட்டுல எழுதாதீங்க."

மறுநாள் மதியம் லேப்பில் யாரும் இல்லாதபோது அக்கா கேட்டார். "இறந்துபோனவங்க பெட்டியில மிச்சம் இருக்குல்ல தம்பி? அதைச் சேத்தா ஒரு ஆளுக்கு ஆகும்ல?"

ஆகும். ஸ்டோரில் அப்படி நாலைந்து பெட்டிகள் இருந்தன. அந்த மாத்திரைகளை எண்ணிக் காட்டித் திருப்பி ஒப்படைக்க வேண்டும். மெமோ என் மேஜை டிராயரில் இருந்தது.

"எண்ணிக்கை குறைஞ்சா கேப்பாங்கக்கா. பேரு எழுதிட்டா புதுப் பெட்டியே தரலாம்" என்றேன்.

"ம்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் என்னிடம் அதைக் கேட்கவே இல்லை. குத்திக்காட்டியதும் இல்லை. வழக்கம்போல் தூக்குவாளியில் தேநீர் கொண்டுவந்து எனக்கும் ஊற்றிக் கொடுத்தார்.

கும்பகோணத்தில் ஒரு தனியார் டாக்டரிடம் காட்டி மருந்து வாங்கிச் சாப்பிட்டார் அவர். இரண்டு மாதத்தில் உடம்பு தேறியது. இருமல் நின்றது. பள்ளிவாசலில் தொழுதுவிட்டுக் கடைத்தெருவில் நின்று பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். எனக்கு ஒரு பாரம் இறங்கியது போலிருந்தது. நான் செய்தது தப்பில்லை என்றுகூடத் தோன்றியது. அந்தச் சமயத்தில் மலேசியாவுக்கு ஆள் எடுக்கும் ஏஜெண்ட் ஒருவன் வந்தான். சென்னையில் மெடிக்கல். எக்ஸ்ரேயில் அந்த நிழல் அப்படியே இருந்தது. ஆறிய புண்ணும் வடு காட்டும் அல்லவா, அதுதான். அங்கே யார் இதையெல்லாம் பார்க்கிறார்கள்? அன்ஃபிட் என்று எழுதிவிட்டார்கள். திரும்பி வந்தவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். "தின்னும் நிழல் போகலைன்னா எதுக்குத் திங்கணும்?" என்று கேட்டாராம். அக்கா கையில் வைத்துக்கொண்டு நின்றால் வாங்கி வாயில் போட்டுக்கொண்டு, கொல்லைப்பக்கம் போய்த் துப்பியிருக்கிறார். அது பிறகுதான் தெரிந்தது.

அடுத்த மழைக்காலத்தில் மறுபடியும் இருமினார். இந்தமுறை கும்பகோணம் டாக்டர் கொடுத்தது எதுவும் கேட்கவில்லை.

சுகாதார நிலையத்தில் ஒரே ஒரு டெலிபோன், அலுவலக அறையில். ஒருநாள் காலை பதினோரு மணி இருக்கும், அது அடித்தபோது நான்தான் எடுத்தேன். அக்காவின் பக்கத்து வீட்டுப் பெண். ரத்தமாக வாந்தி எடுத்தார் என்றாள், மகள் மடியில் பிடித்துக்கொண்டிருந்தாளாம், முடிந்துவிட்டது என்றாள். நான் போனை வைத்துவிட்டு லேப்புக்கு நடந்தேன். அக்கா நுண்ணோக்கியில் குனிந்திருந்தார். உதடு அசைந்துகொண்டிருந்தது.

"அக்கா, வீட்லேருந்து போன்" என்றேன்.

நிமிர்ந்து என்னைப் பார்த்தார். என் முகத்திலேயே தெரிந்திருக்கும். அவர் மறுபடியும் குனிந்தார்.

"இன்னும் கொஞ்சம்தான் தம்பி. இது ஒருத்தரோட ரிசல்ட்டு."

நான் கதவருகே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. குழாயில் சொட்டுவது கேட்டது. எண்ணி முடித்தார். பதிவேட்டை இழுத்து முடிவை எழுதினார். லென்ஸைத் துடைத்தார், நுண்ணோக்கிக்கு உறை போட்டார், கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவினார். கோட்டைக் கழற்றிவிட்டுப் பர்தாவை எடுத்து மாட்டிக்கொண்டார். அதற்குப் பிறகுதான், "கொண்டுபோய் விடுறீங்களா?" என்று கேட்டார்.

சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் செய்தார்கள். நான் கபுருஸ்தான் சுவரோரம் நின்றேன். பக்கத்தில் நின்றவர் என்னிடம், "நெஞ்சு வலியாமே?" என்றார். ஆமாம் என்றேன். பேரூராட்சியில் கொடுத்த சான்றிதழிலும் மாரடைப்பு என்றுதான் இருந்தது. வயது நாற்பத்து மூன்று.

கணவன் இறந்தால் மனைவி நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கவேண்டும், இத்தா என்பார்கள். அக்கா லீவு போட்டார். அவருக்குப் பதில் வேறு ஊரிலிருந்து ஒருவர் வாரம் இரண்டு நாள் வந்தார். இத்தா முடிந்த மறுநாள் காலை எட்டு மணிக்கு அக்கா வந்து கதவைத் திறந்து, கோட்டைப் போட்டுக்கொண்டு, டப்பாக்களை எடுத்து வெளிச்சத்தில் பார்க்க ஆரம்பித்தார். யாரும் ஆறுதல் சொல்லவில்லை, அவர் இடம் கொடுக்கவில்லை. எனக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். நான் குடித்தேன்.

அந்த மாதம்தான் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, மாவட்டக் கூட்டத்துக்கு ஒரு அட்டவணை வேண்டும் என்றார். நம் வட்டாரத்தில் காசநோயால் இறந்தவர்கள், வயதுவாரியாக. "எந்த வயசுல சாகுறாங்கன்னு அவங்க கண்ணால பாக்கட்டும்ப்பா. கிழவங்க சாவுன்னு நெனச்சுக்கிட்டு இருக்காங்க" என்றார். நான் சார்ட் பேப்பர் வாங்கிக்கொண்டு வந்தேன். பதினைந்திலிருந்து இருபத்து நாலு, இருபத்தைந்திலிருந்து முப்பத்து நாலு என்று பத்துப் பத்து வயதாகக் கட்டம் போட்டேன். மதியம் லேப் மேஜையில் விரித்து வைத்து, அக்கா பதிவேட்டைப் பார்த்து வாசிக்க, நான் பென்சிலால் கோடு போட்டேன்.

"ஆண், முப்பத்தெட்டு. பெண், இருபத்து மூணு. ஆண், நாப்பத்தி ஒண்ணு. ஆண், முப்பத்தி ஆறு."

பெயர்களை அவர் வாசிக்கவில்லை. ஆனால் வயதைக் கேட்டதுமே எனக்கு வீடு தெரிந்தது. இருபத்து மூன்று என்றால் கீற்று வீட்டு வாசலில் கைக்குழந்தையோடு நின்றவள். நாற்பத்தொன்று என்றால் செங்கல் சூளைக்கு எதிர்வீடு. கோடுகள் நடுக்கட்டங்களில்தான் நெருக்கியடித்துக்கொண்டு வந்தன. கடைசிக் கட்டத்தில், கிழவர்களுக்கென்று நான் அகலமாக விட்டிருந்த இடத்தில், வெறும் காகிதம்தான் அதிகம் இருந்தது. எண்ணிக்கை எனக்கு இப்போது நினைவில்லை. அந்தக் கட்டங்களின் உருவம் மட்டும் நினைவிருக்கிறது. வயிறு பெருத்து, தலையும் காலும் சிறுத்த உருவம்.

கடைசிப் பக்கம் முடிந்தது. அக்கா பதிவேட்டை மூடவில்லை. விரல் அந்த வெற்று வரியிலேயே இருந்தது.

"இன்னொண்ணு போடுங்க தம்பி. ஆண், நாப்பத்தி மூணு."

நான் பென்சிலைப் பிடித்தபடி இருந்தேன். "பதிவு நம்பர் இல்லையேக்கா" என்றேன்.

"பேரா கேட்டிருக்காங்க? வயசுதானே கேட்டிருக்காங்க. வயசைப் போடுங்க."

முப்பத்தைந்திலிருந்து நாற்பத்து நாலு என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். அது மற்றக் கோடுகளைப்போலவேதான் இருந்தது. அக்கா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எழுந்து போய்ச் சாயக் குப்பிகளை ஒழுங்குபடுத்தினார்.

தஞ்சாவூரில் கூட்டம். பெரிய மேஜை, மின்விசிறிகள், எல்லார் முன்னாலும் தண்ணீர் பாட்டில். என் முறை வந்தபோது சார்ட்டைச் சுவரில் மாட்டினேன். அதிகாரி மூக்குக்கண்ணாடியை இறக்கிவைத்துக்கொண்டார். வயதுக் கட்டங்களைப் பார்க்கவில்லை. கீழே மொத்தத்தைப் பார்த்தார். கையில் இருந்த காலாண்டு அறிக்கையையும் பார்த்தார்.

"டோட்டல் இடிக்குதே. ஒண்ணு ஜாஸ்தியா வருது?"

எங்கள் டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். சொல்லியிருக்கலாம். ஒருவர் பதிவாகாமல் இறந்தார், அவரும் இதே நோயில்தான் இறந்தார், அவரைப்போல் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஒருவேளை அதுதான் அன்றைக்கு அந்த அறையில் பேசப்பட வேண்டிய ஒரே விஷயம். "யாரு அது, ஏன் பதிவு பண்ணல?" என்று அடுத்த கேள்வி வரும். அக்காவின் பெயர் வரும். லேப்பை ஞாயிற்றுக்கிழமை திறந்தது வரும். நான் தெரிந்தும் எழுதாமல் விட்டது வரும். அந்த மாதம் என் ரெனியூவல்.

"கூட்டல் தப்பு சார்" என்றேன்.

"அடிச்சுட்டு இனிஷியல் போடுங்க."

சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, எல்லாரும் பார்க்க, அந்தக் கட்டத்தில் ஒரு கோட்டை அடித்து இனிஷியல் போட்டேன். எல்லாக் கோடுகளும் ஒன்றுபோல் இருந்ததால் எது அவருடையது என்று எனக்கே தெரியவில்லை. ஏதோ ஒன்றை அடித்தேன். மதியம் தயிர்சாதப் பொட்டலம் கொடுத்தார்கள். ஊறுகாயோடு முழுவதும் சாப்பிட்டேன். அதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் சாப்பிட்டேன்.

மறுநாள் அக்கா கேட்டார். "என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லலக்கா. வாங்கி வச்சுக்கிட்டாங்க."

தலையை ஆட்டிவிட்டு ஈர்க்குச்சியை ஒடிக்க ஆரம்பித்தார்.

பதிவேட்டில் ஒருவர் பெயர் இருந்தால், அவர் வீட்டில் உள்ள எல்லாரையும் சோதிப்பது என் வேலை. பெயர் இல்லாத வீட்டுக்கு நான் போகவில்லை. மகளுக்கு அப்போது இருமல் இல்லை. எக்ஸ்ரேக்குக் கூட்டிப்போனால் ஏன் என்ற கேள்வி வரும் என்று அக்காவும் தள்ளிப்போட்டிருந்தார். இன்னும் நாலைந்து மாதம் பொறுத்தால் அந்தப் பெண்ணுக்குக் கல்யாணம்.

ஒரு வியாழக்கிழமை காலை, பத்து மணிக்கு, சுகாதார நிலையம் கூட்டமாக இருக்கும் நேரத்தில், அக்கா மகளைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு வந்தார். வெளிநோயாளிகள் வரிசையில் ஊர்ப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் நடுவில் நடந்து என் மேஜைக்கு முன்னால் நிறுத்தினார்.

"இவளுக்கு கார்டு போடுங்க தம்பி. ரெண்டு பிளஸ். லேப் பதிவேட்டுல எழுதிட்டேன். டாக்டர் கையெழுத்தும் வாங்கியாச்சு."

நான் குரலைத் தாழ்த்தி, "அக்கா, உள்ள போய் எழுதலாமே" என்றேன்.

"இங்கேயே எழுதுங்க."

அட்டையை எடுத்தேன். பெயர் கேட்டேன், மகள் சொன்னாள். வயது, பத்தொன்பது. அடுத்தது தகப்பனார் பெயர். மகள் அக்காவைப் பார்த்தாள். அக்கா சொன்னார். இனிஷியலோடு, முழுப்பெயரும், வரிசையில் இருந்தவர்களுக்குக் கேட்கும்படி. எழுதி முடித்ததும், "அவங்க அத்தாவுக்கும் இதே நோவுதான். அதையும் எழுதிக்குங்க. வீட்டுல முன்னாடி யாருக்காவது இருந்துச்சான்னு ஒரு வரி இருக்குல்ல, அதுல" என்றார்.

இருந்தது. எழுதினேன். பின்னால் வரிசையில் யாரோ எழுந்து வேறு பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தது கேட்டது. மகள் தலையைக் குனிந்துகொண்டே நின்றாள். அக்கா அவள் தோளில் வைத்த கையை எடுக்கவில்லை.

ஒரு வாரத்தில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஆள் வந்து பேச்சை முறித்துக்கொண்டு போனார்கள். ஆறு மாதமும் அந்தப் பெண் என் வண்டிச் சத்தத்துக்கு வாசலுக்கு வந்து, என் முன்னால் நின்று மாத்திரையை விழுங்கினாள். நிறைய மாத்திரை. ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை, ஒருநாளும் என்னோடு பேசவுமில்லை. கடைசிச் சில்லை அக்காவே பார்த்தார். ஒன்றுமில்லை. நான் பதிவேட்டில் 'குணமடைந்தார்' என்று எழுதினேன். பிறகு அவள் நாகூரில் மாமா வீட்டில் தங்கிப் படித்தாள். அக்காவும் அந்தப் பக்கமே மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். எனக்கு வேலை நிரந்தரமாகவில்லை, ஆனால் வருடா வருடம் புதுப்பித்தார்கள்.

இப்போது எங்கள் பதிவேடு கம்ப்யூட்டரில் இருக்கிறது. முன்புபோல் ஒருநாள் விட்டு ஒருநாள் இல்லை, மாத்திரை தினமும், எண்ணிக்கையில் குறைவு. நடவு வயல்களில் வடக்கேயிருந்து வந்த பையன்கள் நிற்கிறார்கள். நெல்மூட்டைக் கொட்டகையில் ஒரே அறையில் பத்துப் பேராகப் படுக்கிறார்கள். அவர்களில் ஒருவன் இருமினால் அவன் ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டி எழுதச் சிரமப்படுகிறேன். எனக்கும் ஐம்பது வயதாகிவிட்டது.

போன வருடம் ஒரு கல்யாணத்துக்கு நாகூர் போனபோது அக்காவைத் தேடிப் பார்த்தேன். ஓய்வு பெற்று மகள் வீட்டில் இருக்கிறார். மகள் பள்ளிக்கூட டீச்சர், மருமகனும் அப்படியே, பேரன் பிளஸ் ஒன். அக்காவுக்குக் கண் மங்கியிருந்தது. என் குரலைக் கேட்டதும், "தம்பியா?" என்றார். தேநீர் வந்தது. கொஞ்ச நேரம் பழைய ஆட்களைப் பற்றிப் பேசிவிட்டு, இனிமேல் எப்போது சொல்வது என்று நினைத்துச் சொல்லிவிட்டேன். தஞ்சாவூர்க் கூட்டத்தில் நடந்ததை, கூட்டல் தப்பு என்று சொல்லி அடித்ததை.

அக்கா முகத்தில் ஒன்றும் மாறவில்லை.

"தெரியும் தம்பி. அந்த ரிப்போர்ட்டு காப்பி அடுத்த மாசம் லேப்புக்கும் வந்துச்சு. நானும் எண்ணிப் பாத்தேன். ஒண்ணு குறைஞ்சுது." டம்ளரை ஓரமாக நகர்த்திவைத்து, "அன்னிக்குத்தான் மகளுக்குச் சளி எடுத்தேன். எனக்கே பயமா இருந்துச்சு, இவ இரும ஆரம்பிச்சும் எடுக்காம வச்சிருந்தேன். எண்ணிக்கையில இவளும் இல்லாம போயிருவாளோன்னு ஆயிருச்சு" என்றார்.

நான் மிச்சத் தேநீரைக் குடித்தேன்.

வாசலில் ஸ்கூட்டி நிற்கும் சத்தம். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தாள். என்னை உடனே அடையாளம் தெரிந்துகொண்டாள், "வாங்க சார்" என்று சொல்லிவிட்டு, பையோடு உள்ளே போனாள். முன்தலையில் நாலைந்து நரைமுடி. அக்கா அவள் போன திசையிலேயே மங்கிய கண்ணை வைத்திருந்தார்.

"நாப்பது முடிஞ்சிருச்சு இவளுக்கு" என்றார். "அவங்க அத்தாவுக்கு நீங்க கோடு போட்டீங்களே, இப்ப அந்தக் கட்டத்துலதான் இருக்கா."

"ஆமாக்கா."

"இன்னும் நாலு வருஷம். அதைத் தாண்டிட்டான்னா அடுத்த கட்டத்துக்குப் போயிருவா."

உள்ளே குழாய் திறந்தது. மகள் கைகால் கழுவிக்கொண்டிருந்தாள். அக்கா பேச்சை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். நானும் கேட்டேன். தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான் வந்தது. இருமல் ஏதும் இல்லை.